20 டிகிரி பிடிவாதம்: வீட்டில் 4×5 ஷீட் ஃபிலிம் கழுவும்போது கெடுவது எங்கே?

4×5 என்பது அங்குல அளவில் தனித்தனித் தாளாக வரும் ஃபிலிம். அதில் படத்தைத் தோன்றவைக்கும் ரசாயனமான டெவலப்பரின் நேர அட்டவணைகள் பெரும்பாலும் 20 டிகிரிக்கு எழுதப்பட்டவை. சிங்கப்பூரில் குழாயைத் திறந்தால் தண்ணீர் 28, 29 டிகிரியில் வருகிறது. பல தவறுகள் இந்த இடைவெளியில்தான் தொடங்குகின்றன.

20-ஐப் பிடித்தே தீர வேண்டும் என்று டெவலப்பரில் ஐஸ் கட்டியைப் போடாதீர்கள். கலவை நீர்த்துவிடும், எவ்வளவு நீர்த்தது என்ற கணக்கும் இருக்காது. ஐஸை ஜிப் பையில் போட்டு ஒரு பேசின் தண்ணீரில் மிதக்கவிடுங்கள். டெவலப்பர், ஃபிக்ஸர் (படத்தை நிலைக்கவைக்கும் ரசாயனம்), அலசும் தண்ணீர் எல்லாம் அந்தப் பேசினிலேயே நிற்கட்டும். 24 டிகிரி போதும். எச்பி5 பிளஸ் என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கு ஐடி-11 டெவலப்பர், 1+1 கலவையில் (ஒரு பங்கு ஸ்டாக், அதாவது நீர்க்காத மூலக் கரைசல், ஒரு பங்கு தண்ணீர்) 20 டிகிரிக்கு 13 நிமிடம். 24-ல் சுமார் 9. சூட்டோடு கழுவி நேரத்தை 5 நிமிடத்துக்குக் கீழே இறக்கினால் வானம் திட்டுத் திட்டாக வரும். கழுவியது 24-ல், அலசுவது 29-ல் என்றும் விடாதீர்கள். சூட்டில் எமல்ஷன் (படம் பதியும் பூச்சு) ஊறி இளகும், நகம் பட்டாலே கோடு விழும்.

ட்ரேக்குப் பதில் சாப்பாட்டு டப்பா தாராளமாகப் போதும், ஆனால் 5×7 அங்குலமாவது இருக்க வேண்டும். ஷீட்டுக்கு அளவெடுத்தாற்போல் இருந்தால் விரல் நுழையாது. உலர்ந்த ஷீட்டுகளை மொத்தமாக டெவலப்பரில் போட்டால் ஈர அப்பளம் போல ஒட்டிக்கொள்ளும். முதலில் வெறும் தண்ணீரில் ஒவ்வொன்றாக நனைத்து இரண்டு நிமிடம் ஊறவிடுங்கள். எமல்ஷன் மேலே பார்க்க, அடியில் உள்ளதை உருவி மேலே வைத்து மெதுவாக அமுக்குங்கள். சாய்வாகச் செருகினால் அதன் மூலை கீழே உள்ள ஷீட்டைக் கீறிவிடும். நான்குக்கு மேல் வேண்டாம். இருட்டில் எமல்ஷன் பக்கம் தெரிய, ஷீட்டை நீளவாக்கில் பிடியுங்கள்: ஷீட்டின் ஓரத்தில் உள்ள வெட்டுக்குறி மேல் வலது மூலையில் தட்டுப்பட்டால் எமல்ஷன் உங்களைப் பார்க்கிறது.

கொஞ்சமாக ஊற்றி மிச்சம் பிடிப்பது வீண் சிக்கனம். 4×5 ஷீட் நான்கு சேர்ந்தால் ஒரு 36 படச் சுருளின் பரப்பு. ஐடி-11 என்றால் ஷீட்டுக்கு 25 மில்லி ஸ்டாக்காவது கலவையில் இருக்க வேண்டும்.

வெளிச்சம் புகாத பேட்டர்சன் டேங்கில் ஷீட்டைச் சுருட்டி, முடி ரப்பர் போட்டுக் கழுவலாம். இடம் போதவில்லை என்று நடுக்குழாயை மட்டும் கழற்றிவிடாதீர்கள். வெளிச்சத்தைத் தடுப்பதே அதுதான்.

வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் பாம் ஷெல்டர் என்ற ஜன்னலில்லாத பாதுகாப்பு அறை இருந்தால், ஃபிலிமை ஏற்றுவதற்கு அது நல்ல இருட்டு. ஐந்து நிமிடம் விளக்கில்லாமல் உட்கார்ந்தால்தான் கதவிடுக்கில் கசிவது கண்ணுக்குப் படும். உள்ளே புழுக்கம் அதிகம். ஒரு துளி வியர்வை எமல்ஷனில் விழுந்தால் போகவே போகாது. தோளில் துண்டு இருக்கட்டும்.

காயப்போடுவது துணிக் கழியில் அல்ல, குளியலறையில். வெந்நீரில் குளித்து முடித்து, ஆவி படிந்து தூசி அடங்கிய பிறகு ஒரு மூலையில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். இந்த ஈரப்பதத்தில் காய நேரமெடுக்கும். அவசரப்பட்டு ஃபேனைப் போட்டால் தூசி முழுவதும் ஃபிலிமில் இருக்கும்.