ஆர்கன் பெடலும் தொங்கி நின்ற கார்டும்

ஆங்கிலேய இசையமைப்பாளர் எஸ். எஸ். வெஸ்லியின் ஆந்தம் (தேவாலயப் பாடகர் குழு பாடும் பாடல்) ஒன்றின் ஆர்கன் பகுதியைச் சிறிய ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றி எழுதினேன். பாடகர் குழுவின் நான்கு குரல்களில் கை வைக்கவில்லை. ஆனாலும் ஒத்திகையில், மெதுவான பகுதியை முடிக்க வேண்டிய சி மேஜர் கார்டு (சி, ஈ, ஜி சுரங்கள் சேர்ந்து ஒலிப்பது) முடியாமல் தொங்கியது.

முதலில் சுருதியைச் சந்தேகித்தேன். அப்புறம் பேஸ் பாடகர்களை, அதாவது மிகத் தாழ்ந்த குரல்காரர்களை, அடக்கிப் பாடச் சொன்னேன். செல்லோவுடன் பஸூன் என்ற தாழ்சுர ஊதுகருவியைச் சேர்த்தேன். ஒலி தடித்ததே தவிர கார்டு உட்காரவில்லை. கணினியில் கேட்டால் எல்லாம் சரியாக இருந்தது. மூன்று நாள் போனது அதனால்தான்: மறைத்து வைத்த ஆர்கன் வரியும் சேர்ந்தே ஒலித்துக்கொண்டிருந்தது. அதை மியூட் செய்ததும் அதே கோளாறு கேட்டது.

விஷயம் பெடலில், அதாவது ஆர்கனில் காலால் வாசிக்கும் கட்டைகளில். அங்கே வழக்கமாக எடுக்கும் 16 அடி ஸ்டாப் (ஒரு குழாய் வரிசை), எழுதிய சுரத்துக்கு ஓர் ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) கீழே ஒலிக்கும். நடு சி-க்கு ஓர் ஆக்டேவ் கீழே எழுதியிருந்த சி-யை அப்படியே செல்லோவுக்குக் கொடுத்திருந்தேன். பேஸ் குரலோ அதற்கும் கீழே ஜி பாடுகிறது. அடிச்சுரம் ஜி ஆகி, கார்டு இரண்டாம் இன்வெர்ஷனாகிவிட்டது; சி அடியில் இல்லாத அந்த நிலை முடிவாக ஒலிக்காது.

மென்மையான இடம் என்று டபுள் பேஸை நிறுத்தியிருந்தேன். ஒன்றை மட்டும் திரும்பக் கொண்டுவந்தேன். அதுவும் எழுதியதற்கு ஓர் ஆக்டேவ் கீழே ஒலிப்பதால் பெடல் வரியை அப்படியே ஒட்டினால் போதும். ஒன்று கவனிக்க வேண்டும்: பெடல் சி வரை இறங்கும், நான்கு தந்தி டபுள் பேஸ் ஈ-யோடு நின்றுவிடும். அதற்குக் கீழே போன இரண்டு சுரங்களை ஓர் ஆக்டேவ் ஏற்றினேன். அங்கே பேஸ் குரல் உயரத்தில் இருந்ததால் பாதகமில்லை. அடுத்த ஒத்திகையில் கார்டு உட்கார்ந்தது. பெரிய நிம்மதி.