0.95 வோல்ட்டில் நின்றுவிட்ட எரிபொருள் கலம்: என் அனுபவம்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த நிபோங் திபாலில் வசிக்கும் நான், திட ஆக்சைடு எரிபொருள் கலங்களைச் சோதித்து வருகிறேன்; ஹைட்ரஜன் போன்ற எரிபொருளையும் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் கொண்டு, உயர்ந்த வெப்பத்தில் மின்சாரம் தரும் பீங்கான் கலங்கள் இவை. யிட்ரியா கலந்த சிர்கோனியா மின்பகுளியை (ஆக்சிஜன் அயனிகளைக் கடத்தும் பீங்கான் அடுக்கை) கொண்ட ஒரு சிறு வில்லைக் கலம், 800 பாகை செல்சியசில், மின்னோட்டம் எடுக்காத நிலையில் ஏறத்தாழ 1.1 வோல்ட் காட்ட வேண்டும், என்னுடையதோ 0.95 வோல்ட்டைத் தாண்டவே இல்லை.

முதலில் நம் ஊர் வெப்பத்தின்மீதே சந்தேகப்பட்டேன். ஹைட்ரஜனை நீரில் குமிழவிட்டு ஈரமாக்கும்போது, 25 பாகையில் 3 விழுக்காடாக இருக்கும் நீராவி, 30 பாகையில் 4.2 விழுக்காடாகிவிடுகிறது. ஆனால் வாயுக்களின் அளவிலிருந்து கலத்தின் மின்னழுத்தத்தைக் கணிக்கும் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் இட்டுப் பார்த்தால், அதனால் குறைவது வெறும் 16 மில்லிவோல்ட்தான். எஞ்சிய இழப்புக்கு, ஹைட்ரஜனும் காற்றும் ஒன்றோடொன்று கலக்கும்படியான வாயுக் கசிவே காரணமாக இருக்க வேண்டும்.

உலையை ஆறவிட்டு, கலத்தைக் குழாயோடு ஒட்டியிருந்த பீங்கான் பசையை உருப்பெருக்கியில் பார்த்தேன். விளிம்பில் ஊசிமுனை அளவில் மூன்று துளைகள்! மழைக்கால ஈரக்காற்றில் சரியாகக் காயாத பசையை நான் அவசரமாகச் சூடேற்றியதால், உள்ளிருந்த நீர் கொதித்துத் துளைத்துக்கொண்டு வெளியேறியிருக்கிறது.

மறுமுறை பசையை இரண்டு மெல்லிய பூச்சுகளாகத் தடவி, ஓர் இரவு முழுவதும் காயவிட்டேன். நிமிடத்திற்கு ஒரு பாகை வீதம் உயர்த்தி, 93 பாகையிலும் 260 பாகையிலும் இரண்டிரண்டு மணி நேரம் நிறுத்தியே மேலே சென்றேன். வெளியேறும் வாயுவின் குமிழிகள் சீராக வந்தன, கலம் 1.08 வோல்ட்டில் மாலைவரை அசையாமல் நின்றது.