நீதிபதிக்கு ஓட்டுப் போடும்போது நாம் செய்கிற தவறுகள்

தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்னால் சிகாகோ பக்கத்து ஷாம்பர்க்கில் ஒரு நண்பர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தேன். கணவன், மனைவி இருவருக்கும் அந்த வருஷம்தான் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்திருந்தது. முதல் ஓட்டு. தபாலில் வந்த வாக்குச்சீட்டை விரித்து வைத்துக்கொண்டு பேனாவால் ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அதிபர், காங்கிரஸ் உறுப்பினர், மாநில சட்டமன்றம் எல்லாம் மளமளவென்று முடிந்தன. தாளைத் திருப்பினார்கள். நீதிபதிகள். மேலிருந்து கீழ்வரை பெயர்கள்.

"இந்தப் பேர் கேட்ட மாதிரி இருக்கே, இவருக்குப் போட்டுடலாமா அண்ணா?" என்றார் கணவர். "தெரியாதவங்களுக்கு எதுக்குப் போடணும்? அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுடுங்க" என்றார் மனைவி. இருபது வருஷத்துக்கு முன்னால் என் முதல் தேர்தலில் நான் பேசியதும் இதேதான். அந்த ராத்திரி வீட்டுக்கு வந்ததும் எழுத ஆரம்பித்தது இது.

சிகாகோவும் அதைச் சுற்றியுள்ள பல புறநகரங்களும் சேர்ந்தது குக் கவுண்டி, நம் ஊர் மாவட்டம் மாதிரி. இங்கே உள்ள மாநில நீதிமன்றத்தில் ஏறக்குறைய 400 நீதிபதிகள். அவர்களில் பெரும்பாலோர் மக்கள் ஓட்டில் வருகிறவர்கள். நீதிபதியை நியமித்துத்தான் பார்த்திருக்கிறோம் என்பதால் ஊரிலிருந்து வந்த நமக்கு இது பழக்கமில்லாத விஷயம். இலினாய் மாநில அரசியல் சட்டம் நீதிபதியிடம் கேட்பது மூன்றே தகுதிகள்: அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும், இந்த மாநிலத்தில் வக்கீல் உரிமம் வேண்டும், தேர்ந்தெடுக்கிற பகுதியில் குடியிருக்க வேண்டும். இத்தனை வருஷம் கோர்ட்டில் நின்றிருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. நேற்று உரிமம் வாங்கியவரும் நிற்கலாம். அந்த ஓட்டையை அடைக்கத்தான் வக்கீல் சங்கங்கள் வேட்பாளர்களை விசாரித்து, தேர்தலுக்கு முன் மதிப்பீடு வெளியிடுகின்றன.

நான் குடிவரவு வழக்குகள் பார்க்கிறவன். என் வேலை மத்திய அரசின் அலுவலகங்களில். மாநில நீதிபதிகளை எனக்கே நேரில் தெரியாது. வக்கீலுக்கே தெரியாது என்றால் மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்? பிற்பாடு ஒரு சங்கத்தின் மதிப்பீட்டுக் குழுவில் சில வருஷம் தன்னார்வலராக வேலை செய்தேன். கீழே எழுதியிருப்பது அங்கே கற்றதும், அதற்கு முன்னால் நான் பட்டதும்.

பெயரைப் பார்த்து ஓட்டுப் போடுவது

குக் கவுண்டியில் ஐரிஷ் பெயருக்கு, அதிலும் ஐரிஷ் பெண் பெயருக்கு, தனி மவுசு உண்டு. தேர்தலில் நிற்கிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். பெயரையே சட்டப்படி மாற்றிக்கொண்டு நின்றவர்கள் இருக்கிறார்கள். இதைக் கட்டுப்படுத்த மாநிலம் சட்டம் கொண்டுவந்தது: மனுத்தாக்கலுக்கு முந்தைய மூன்று வருஷத்துக்குள் பெயர் மாற்றியிருந்தால், பழைய பெயரும் வாக்குச்சீட்டில் வர வேண்டும். மூன்று வருஷம் பொறுத்திருந்தால் அந்தச் சட்டம் தொடாது. 2012இல் பெயரை மாற்றிக்கொண்ட ஒரு ஆண் வக்கீல், பெண் பெயர்போல ஒலிக்கிற ஐரிஷ் பெயரோடு 2018இல் நின்று ஜெயித்து நீதிபதி ஆனார்.

நாமும் இந்தியப் பெயரைக் கண்டதும் யோசிக்காமல் நிரப்பிவிடுகிறோம். அதுவும் இதே தவறுதான்.

நவம்பரில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பது

இங்கே நீதிபதி வேட்பாளர்கள் கட்சிப் பெயரோடுதான் நிற்கிறார்கள். குக் கவுண்டியில் ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில், அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தலில், ஜெயித்தவருக்கு நவம்பர் பொதுத்தேர்தலில் பெரும்பாலும் எதிராளியே இருக்க மாட்டார். ஆகவே உண்மையான போட்டி பிரைமரியில், பொதுவாக மார்ச் மாதத்தில். அப்போது நம் ஆட்கள் ஓட்டுச்சாவடிப் பக்கம் போவதே இல்லை. சங்கங்களின் மதிப்பீடும் பிரைமரிக்கு முன்பே வந்துவிடும்.

விசாரணைக்கே வராதவரை மன்னிப்பது

இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன். இத்தனை வருஷம் கழிந்தும் என்னை உறுத்துகிற தவறு இதுதான்.

சங்கத்தின் மதிப்பீடு எப்படி நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வேட்பாளர் ஒரு நீளமான படிவத்தை நிரப்பித் தர வேண்டும். என்னென்ன வழக்கு நடத்தினார், எதிர்த்தரப்பில் யார் வக்கீல், எந்த நீதிபதி முன்னால் வாதாடினார், தன்மேல் ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது உண்டா, தன்மேல் யாராவது வழக்குப் போட்டிருக்கிறார்களா, எல்லாம் அதில் கேட்டிருக்கும். அப்புறம் எங்களைப் போன்றவர்கள் அந்தப் பெயர்களுக்கெல்லாம் போன் செய்வோம். வக்கீல்கள் கோர்ட்டிலிருந்து திரும்பி அலுவலகத்தில் தனியாக இருக்கிற நேரமாகப் பார்த்துக் கூப்பிட வேண்டும். பெயர் வெளியே வராது என்ற உறுதியில்தான் பேசுவார்கள். சட்ட அறிவு, நேர்மை, நிதானம், உழைப்பு, பாரபட்சம் பார்க்கிறாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்போம். எல்லாம் முடிந்தபின் வேட்பாளரைக் குழு நேரில் அழைத்துப் பேசும். அதன்பின் வாக்கெடுப்பு.

போனில் நான் காத்திருப்பது தோற்றவர்களின் பேச்சுக்கு. ஒருமுறை ஒரு வேட்பாளரிடம் பெரிய வழக்கில் தோற்ற வக்கீலைக் கூப்பிட்டேன். பெயரைச் சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சொன்னார்: "அவரிடம் தோற்றேன், அது இன்னும் வலிக்கிறது. ஆனால் ஒரு காகிதத்தைக்கூட என்னிடமிருந்து மறைக்கவில்லை. நான் கேட்கும் முன்பே அனுப்பிவிட்டார்." நண்பர்கள் எழுதித் தரும் நூறு பாராட்டுக் கடிதத்தைவிட எனக்கு இது பெரிசு. வெளியிடும்போது இவையெல்லாம் சுருங்கி 'தகுதியானவர்' என்ற ஒரு சொல்லில் வந்து நிற்கும்.

சரி, இந்த விசாரணைக்கு வரமாட்டேன், படிவமும் தரமாட்டேன் என்று ஒரு வேட்பாளர் சொன்னால்? சிகாகோ வக்கீல் சங்கம் அவரைப் 'பரிந்துரைக்கப்படாதவர்' என்று போட்டுவிடும். பட்டியலில் அதைப் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் சொல்வது: "அவர் போகவில்லை, அதனால் அப்படிப் போட்டிருக்கிறார்கள். ஆள் மோசம் என்று அர்த்தமில்லையே." இதை நானும் சொன்னேன். ஒரு ஆளிடம் இல்லை, கோயில் ஹாலில் சாப்பாட்டு வரிசையில் நின்றபடி நாற்பது பேரிடம் சொன்னேன்.

அந்த வேட்பாளரை ஒரு சமூக விருந்தில் சந்தித்திருந்தேன். இனிமையான ஆள். நம் வடையை ருசித்துச் சாப்பிட்டார், பிள்ளைகளின் பரதநாட்டியத்தை முழுசாக உட்கார்ந்து பார்த்தார். மதிப்பீட்டுக்கு ஏன் போகவில்லை என்று கேட்டேன். "அந்தச் சங்கங்கள் பெரிய நிறுவன வக்கீல்களின் கிளப். எங்களைப் போன்றவர்களை அவர்களுக்குப் பிடிக்காது" என்றார். அந்தப் பதில் எனக்கு நியாயமாகவே பட்டது. வெளியூர்க்காரன், கறுத்த தோல், உச்சரிப்பு வேறு. ஒதுக்கப்படுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? வரிந்துகட்டிக்கொண்டு அவருக்காக ஓட்டுக் கேட்டேன். ஜெயித்தார்.

இரண்டு வருஷம் கழித்து, தெரிந்த குடும்பத்துக்கு ஒரு சிவில் வழக்கு. எந்த கோர்ட், என்ன வழக்கு என்பதெல்லாம் இங்கே வேண்டாம். நீதிபதி அவர்தான். அந்த வீட்டுப் பாட்டி சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. எழுபத்தைந்து வயது, மதுரைப் பக்கம். காட்டன் புடவைக்கு மேல் மகனுடைய கனமான கோட்டைப் போட்டுக்கொண்டு கூண்டில் உட்கார்ந்திருந்தார். மொழிபெயர்ப்பாளர் வரத் தாமதம். நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார். "இவருக்கு ஆங்கிலம் புரிகிறது, தலையாட்டுகிறாரே, ஆரம்பியுங்கள்" என்றார். வக்கீல் ஆட்சேபித்தார், அது எடுபடவில்லை. பாட்டி ஒவ்வொரு கேள்விக்கும் தலையை ஆட்டினார். நம் வீட்டுப் பெரியவர்கள் ஏன் அப்படித் தலையாட்டுவார்கள் என்று நமக்குத் தெரியும்: எதிரே இருக்கிறவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு. பதிவில் அது 'ஆம், ஆம், ஆம்' என்று ஏறியது. கேள்விகளில் ஒன்றுகூட அவருக்குப் புரிந்திருக்கவில்லை. நான் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து பேச எனக்கு உரிமையில்லை.

அதைச் சரிசெய்ய அந்தக் குடும்பத்துக்கு மேல்முறையீடு, ஒன்றரை வருஷம், வீடு வாங்கச் சேர்த்து வைத்திருந்த பணம் எல்லாம் ஆனது. பிற்பாடு வக்கீல் நண்பர்களிடம் விசாரித்தால், பதவிக்கு வரும் முன்பே அவருடைய பொறுமையின்மை எல்லாருக்கும் தெரிந்த விஷயமாம். எதிர்த்தரப்பு வக்கீல்களுக்கு நான்கு போன் போட்டிருந்தால் வெளியே வந்திருக்கும். அந்த நான்கு போன் நடக்கக் கூடாது என்றுதான் அவர் படிவத்தையே தரவில்லை. வேலைக்கு மனுப் போடுகிறவன் பழைய முதலாளியின் நம்பரைத் தரமாட்டேன் என்றால் யாராவது சேர்த்துக்கொள்வோமா? எழுநூறு டாலர் வாடகைக்கு அறை கேட்டு வருகிறவரிடம்கூட முந்தைய வீட்டுக்காரரின் நம்பரைக் கேட்கிறோம்.

அவர் சொன்ன குற்றச்சாட்டுக்கு வேர் இல்லாமல் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். கறுப்பின வக்கீல்களைச் சிகாகோ வக்கீல் சங்கம் சேர்த்துக்கொள்ளாத காலம் இருந்தது. 1914இல் அவர்கள் குக் கவுண்டி வக்கீல் சங்கம் என்று தங்களுக்கென ஒன்றைத் தொடங்கினார்கள். ஆனால் இன்று நிலைமை அதுவல்ல. கறுப்பினத்தவர், பெண்கள், ஆசிய அமெரிக்கர், ஹிஸ்பானியர், யூதர், கிரேக்கர் என்று பல சங்கங்கள் ஒரு கூட்டணியாகச் சேர்ந்து வேட்பாளர்களை விசாரிக்கின்றன. ஒவ்வொன்றும் தன் முடிவைத் தனியாகச் சொல்கிறது. ஒரு சங்கத்தின்மேல் கோபம் என்றால் மற்றவற்றுக்குப் போகலாம். எல்லாவற்றுக்கும் வராதவர் ஒளிகிறார். ஆகவே பட்டியலில் அந்தச் சொல்லைப் பார்த்தால், ஒரு இடத்தில் மட்டுமா, எல்லா இடத்திலுமா என்று பாருங்கள். எல்லா இடத்திலும் என்றால் தயவுசெய்து அவருக்குப் போடாதீர்கள்.

சின்ன கோர்ட்தானே, டிராபிக் வழக்குதானே என்பவர்களுக்கு ஒன்று. 1980களில் எஃப்பிஐ இங்கே நடத்திய 'கிரேலார்ட்' என்ற லஞ்ச விசாரணையில் குக் கவுண்டி நீதிபதிகள் 15 பேர் தண்டனை பெற்றார்கள். அதில் குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்குகளைக் காசு வாங்கிக்கொண்டு முடித்த கதைகளும் உண்டு.

ஒரே பட்டியலோடு நிறுத்திக்கொள்வது

சிகாகோ வக்கீல் சங்கம் மூன்று படிகளில் சொல்கிறது: மிகத் தகுதியானவர், தகுதியானவர், பரிந்துரைக்கப்படாதவர். 1969இல் தொடங்கிய சிகாகோ வக்கீல்கள் கவுன்சில், மதிப்பீட்டோடு காரணத்தையும் ஒரு பத்தியாக எழுதும். முதலில் அந்தப் பத்தியைப் படியுங்கள். "சட்டம் தெரிந்தவர், ஆனால் விசாரணை நடத்திய அனுபவம் குறைவு" என்பதும் "கோபத்தை அடக்கத் தெரியாதவர்" என்பதும் ஒன்றல்ல. முதலாவது இரண்டு வருஷத்தில் சரியாகலாம். பத்துச் சங்கங்களின் மதிப்பீட்டில் ஒன்பது நன்றாக இருந்து ஒன்று மட்டும் வேறாக இருந்தால் நான் பதற மாட்டேன். பாதிக்குப் பாதி என்றால் உட்கார்ந்து படிப்பேன்.

வேறு ஊர் அளவுகோலை இங்கே வைப்பது

லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டி வக்கீல் சங்கத்திடம் நான்கு படிகள் உண்டு. அங்கே 'தகுதியானவர்' என்பது மூன்றாவது. இங்கே நடுவில் இருப்பது. நியூயார்க் நகரச் சங்கம் 'ஏற்கிறோம்', 'ஏற்கவில்லை' என்று இரண்டோடு முடித்துக்கொள்ளும். ஹூஸ்டனில் நடப்பது வக்கீல்களின் கருத்துக் கணிப்பு: உறுப்பினர்கள் வேட்பாளர்களைப் பற்றித் தங்கள் கருத்தைக் குறிக்கிறார்கள். அதில் படிவமும் இல்லை, நேர்காணலும் இல்லை. அங்கே உள்ள சொந்தக்காரர் அனுப்பும் வாட்ஸாப் அறிவுரையை வைத்து இங்கே ஓட்டுப் போட முடியாது.

அமெரிக்க வக்கீல் சங்கம் என்ன சொன்னது என்று தேடுவது

அது அதிபர் நியமிக்கிற மத்திய நீதிபதிகளுக்கு. உங்கள் வாக்குச்சீட்டுக்கு இல்லை.

ஊரில் உள்ள பார் கவுன்சில் மாதிரி என்று நினைப்பது

இல்லை. மதிப்பீடு தரும் இந்த வக்கீல் சங்கங்கள் விருப்பப்பட்டுச் சேருபவை. இங்கே உரிமம் தருவதும் பறிப்பதும் மாநில உச்ச நீதிமன்றம்.

ரிட்டென்ஷன் பக்கத்தை விட்டுவிடுவது

கவுண்டி கோர்ட்டுக்குத் தேர்வான நீதிபதி ஆறு வருஷத்துக்கு ஒருமுறை எதிராளி இல்லாமல் மக்கள் முன் வருவார். "இவர் தொடரலாமா?" என்று ஒரே கேள்வி, யெஸ் அல்லது நோ. தொடர 60 சதவீதம் யெஸ் வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 40 நோவைத் தாண்ட 60 யெஸ். உங்கள் ஒரு நோவைச் சரிக்கட்ட ஒன்றரை யெஸ் தேவை. வாக்குச்சீட்டிலேயே கனமான குறி இதுதான், அதைத்தான் வெறுமையாக விடுகிறோம். விட்ட இடம் கணக்கிலேயே சேராது.

எல்லாருக்கும் நோ போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் வேண்டாம், நல்ல நீதிபதிகளும் அதே பட்டியலில்தான் இருக்கிறார்கள். சங்கங்கள் இவர்களையும் மறுபடி விசாரிக்கின்றன, இந்த முறை பதவியில் எப்படி நடந்துகொண்டார் என்று. 2018இல் ஒரு குக் கவுண்டி நீதிபதி 60 சதவீதத்தை எட்டாமல் பதவி இழந்தார். 1990க்குப் பிறகு அதுதான் முதல் முறை. 2020இல் இன்னொருவர். அதனால் முடியாத காரியம் என்று யாரும் இனிச் சொல்ல வேண்டாம்.

வீட்டுக்கு வரும் விளம்பர அட்டையை நம்புவது

'தகுதியானவர்' என்று எந்தச் சங்கம், எந்த வருஷம் சொன்னது? அட்டையில் இல்லையென்றால் குப்பையில் போடுங்கள்.

கையில் தாள் இல்லாமல் சாவடிக்குப் போவது

எழுதி எடுத்துக்கொண்டு போகலாம். தடையில்லை.

தபால் உறையில் கையெழுத்தை மறப்பது

ஷாம்பர்க் நண்பர்கள் மறுநாள் ராத்திரி பத்தரைக்கு நீதிபதிகள் பக்கத்தை முடித்தார்கள். மனைவி பத்திகளைப் படிக்க, கணவர் நிரப்பினார். மூன்று பெயருக்கு இருவருக்கும் கருத்து ஒத்துப்போகவில்லை. அவரவர் சீட்டில் அவரவர் போட்டுக்கொண்டார்கள். உறையை ஒட்டியபின் கையெழுத்து ஞாபகம் வந்து எனக்குப் போன் செய்தார்கள். கையெழுத்து உறையின் வெளியேதான், ஒட்டியபின்னும் போடலாம் என்றேன்.