யுடிஐடி அட்டை நின்றுபோனது எங்கே?

தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் யுடிஐடி அடையாள அட்டைக்கு விண்ணப்பித்து இரண்டு மாதம் ஆகியும் ஒன்றும் நகரவில்லை. ஆடியோகிராம் (கேட்கும் திறனைக் காட்டும் பரிசோதனை அறிக்கை) மங்கலோ என்று மறுபடி ஸ்கேன் செய்தேன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் காது கேளாதவர் என்றால் இரு காதிலும் 70 டெசிபல் இழப்பு. அவனுக்கு 90க்கும் மேல். ஆதார், போட்டோ எல்லாம் சரி.

கடைசியில் மருத்துவமனைக்கே போனேன். பதிவேட்டில் அவன் பெயருக்கு எதிரே, 'மூன்று முறை அழைத்தோம், எடுக்கவில்லை'. விண்ணப்பத்தில் இருந்தது அவனுடைய நம்பர்! பரிசோதனைத் தேதியைச் சொல்லக் காது கேளாதவனுக்கே போன் போட்டிருக்கிறார்கள். என் நம்பரைச் சேர்த்து, அவன் நம்பருக்குப் பக்கத்தில் 'எஸ்எம்எஸ் மட்டும்' என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரமே பரிசோதனை முடிந்தது. அப்புறம் குறைபாடு 80 சதவீதமோ அதற்கு மேலோ உள்ளவர்களுக்கான நீல அட்டை வந்தது.