எண்டெவர் கப்பல் மாதிரி: கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மரத்தாலான பாய்மரக் கப்பல் மாதிரியை கிட் வாங்கிக் கட்டுவோர் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, அவை நிகழும் கட்டத்தில் கண்ணுக்குத் தெரிவதில்லை. சட்டகத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் அது சில வாரங்கள் கழித்துப் பலகை ஒட்டும்போது மேடாகவோ குழியாகவோ தெரியவரும். உடற்பகுதி சற்றே முறுக்கிக்கொண்டிருந்தால் அது பாய்மரங்களை நிறுத்தும்போதுதான் சாய்வாகத் தெரியவரும். தவறு நடக்கும் இடமும் அது வெளிப்படும் இடமும் வேறுவேறாக இருப்பதால், இங்கே ஒவ்வொரு கட்டத்தையும் அடுத்து வரப்போகும் கட்டத்தின் கண்கொண்டு பார்க்கிறேன். எடுத்துக்காட்டாக, பல நிறுவனங்கள் கிட்டாக விற்கும் எண்டெவர் கப்பலை வைத்துக்கொள்வோம்.

ஜேம்ஸ் குக் 1768இல் பசிபிக் பயணத்துக்கு எடுத்துச் சென்ற இந்தக் கப்பல், 1764இல் இங்கிலாந்தின் விட்பி நகரில் ‘ஏர்ல் ஆஃப் பெம்புரோக்’ என்ற பெயரில் நிலக்கரி ஏற்றுவதற்காகக் கட்டப்பட்டது. அதன் தள நீளம் 97 அடி 8 அங்குலம். அகலம் 29 அடி 2 அங்குலம். 1:60 அளவில் உடற்பகுதி மட்டும் ஏறத்தாழ அரை மீட்டர் நீளமும் 15 சென்டிமீட்டர் அகலமும் கொண்டதாக வரும். இதில் பீரங்கிகள் பத்துதான், செதுக்கு வேலையும் குறைவு. ஆகவே தொடக்கநிலையாளருக்கு ஏற்றது என்று எண்ணி வாங்குவோர் பலர். முதல் தவறு இங்கேயே தொடங்குகிறது. நிலக்கரிக் கப்பலுக்கு உரிய மொத்தையான, ஏறக்குறைய அரைவட்டமான முகப்பின்மீது பலகைகளை வளைத்து ஒட்டுவது, ஒல்லியான முகப்புள்ள கப்பலில் ஒட்டுவதைவிடப் பன்மடங்கு கடினமானது. முதல் கிட்டாக, 1921இல் கனடாவின் லூனன்பர்க் நகரில் கட்டப்பட்ட புளூநோஸ் போன்ற இரண்டு பாய்மரக் கப்பலை எடுத்துக்கொள்வது நல்லது. 104 பீரங்கிகள் கொண்ட விக்டரி என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலை முதல் முயற்சியாக எடுப்பது அதைவிடப் பெரிய தவறு. அங்கே கடினத்தைக் காட்டிலும் ஒரே வேலையை நூறு முறை செய்யும் சலிப்புதான் ஆளைத் தோற்கடிக்கும்.

பெட்டியைத் திறந்தவுடன் பொருள்களைப் பட்டியலோடு ஒப்பிட்டு எண்ணிவிட வேண்டும் என்பதை அனைவரும் சொல்வார்கள். அதிகம் பேர் சொல்லாதது வரைபடத் தாளைப் பற்றியது. அதை நகல் எடுத்துப் பயன்படுத்தும்போது நகல் இயந்திரம் ஒன்றிரண்டு விழுக்காடு கூட்டியோ குறைத்தோ தந்துவிடும். அரை மீட்டர் நீளத்தில் ஒரு விழுக்காடு என்பது ஐந்து மில்லிமீட்டர். தாளில் அச்சிட்ட அளவுகோலை உலோக அளவுகோலால் சரிபார்க்காமல் எந்த நகலிலிருந்தும் அளவெடுக்கக் கூடாது.

அடிமரமான ஏராவும் அதில் குறுக்கே செருகப்படும் பலகைகளும் சேர்ந்ததே சட்டகம். உண்மையான கப்பலில் விலா எலும்பு போன்ற வளைமரங்களான வங்குகள் செய்யும் வேலையை கிட்டில் இந்தக் குறுக்குப் பலகைகள் செய்கின்றன. ஏராவாக வரும் பிளைவுட் தகடு நேராக இருக்கும் என்று நம்பிவிடுவது மிகவும் பரவலான, மிகவும் விலை கொடுக்க வேண்டிய தவறு. தகட்டைக் கண்ணாடிப் பரப்பில் வைத்து, உலோக அளவுகோலை அதன் விளிம்போடு சேர்த்துப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். சிறு வளைவாக இருந்தால் ஈரமாக்கி, சமதளத்தில் பாரம் வைத்து, முழுமையாக உலரும்வரை விட்டு நிமிர்த்தலாம். பிறகு குறுக்குப் பலகைகளுக்கு இடையில் நேரான மரத்துண்டுகளைச் செங்கோணத்தில் ஒட்டி அந்த நேரான நிலையைப் பூட்டிவிட வேண்டும். பலகை ஒட்டினால் எல்லாம் தானாக நேராகிவிடும் என்று காத்திருப்பவர்கள், வளைவைப் பலகையால் நிரந்தரமாக்கிவிடுகிறார்கள்.

லேசரால் வெட்டிய பகுதிகளின் ஓரத்தில் கரி படிந்திருக்கும். ஒட்டப்போகும் ஓரங்களில் இந்தக் கரியை உப்புத்தாளால் தேய்த்து நீக்காவிட்டால் பசை மரத்தைப் பிடிக்காமல் கரியைப் பிடிக்கும். ஆனால் தேய்க்கிற ஆர்வத்தில் செருகும் பொருத்துகளைத் தளர்த்திவிடுவதும் உண்டு. பசையில்லாமல் எல்லாவற்றையும் ஒருமுறை பொருத்திப் பார்த்து, மேல்தளத்தையும் அதன்மேல் வைத்துப் பார்த்த பிறகுதான் பசைக் குப்பியைத் திறக்க வேண்டும்.

கப்பலின் பின்முனையில் சுக்கானைத் தாங்கும் செங்குத்து மரமான பின்தண்டுப் பகுதியில் ஏராவை மெலிதாக்க மறப்பது தனித்துப் பேசத்தக்க தவறு, ஏனெனில் கையேடுகள் பெரும்பாலும் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. ஏரா 5 மில்லிமீட்டர் தடிப்பு; முதல் அடுக்குப் பலகை 1.5 மில்லிமீட்டர், இரண்டாம் அடுக்கு 0.6 மில்லிமீட்டர் என்று கொள்வோம். இரு பக்கமும் சேர்த்து 4.2 மில்லிமீட்டர் கூடும்போது மொத்தம் 9.2 மில்லிமீட்டர் ஆகிவிடும். ஆனால் அதை வந்து சேரும் பின்தண்டும் 5 மில்லிமீட்டர்தான். எனவே பலகைகள் முடியும் இடத்தில் ஏராவின் விளிம்பை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக வரும்வரை இரு பக்கமும் படிப்படியாகச் சீவ வேண்டும். முகப்பின் நடுவே நிற்கும் மரமான முன்தண்டின் ஓரத்திலும் ஏராவின் அடிவிளிம்பிலும் பலகை அமர்வதற்கான காடியை (நீளப் பள்ளத்தை) வெட்ட வேண்டும். குறுக்குப் பலகைகளை ஒட்டிய பிறகு உளியும் உப்புத்தாளும் அந்த இடுக்குகளில் நுழையாது. ஆகவே இந்த வேலையைத் தகடு வெறுமையாக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். இதைச் செய்யாத கப்பலில் சுக்கானைப் பொருத்தும் நாளன்று, பின்தண்டைவிடத் தடித்த உடல் இரு பக்கமும் துருத்திக்கொண்டு நிற்கும்.

அடுத்தது குறுக்குப் பலகைகளின் ஓரங்களைச் சாய்வாகத் தேய்ப்பது. முகப்பையும் பின்பகுதியையும் நெருங்க நெருங்கப் பலகை வளைந்து செல்லும் கோணம் மாறுகிறது. ஓரம் செங்குத்தாகவே இருந்தால் பலகை அதன் ஒரு முனையை மட்டும் தொட்டு நிற்கும். இரண்டு அடி நீளமுள்ள மெல்லிய பட்டையை ஒரே நேரத்தில் நான்கைந்து குறுக்குப் பலகைகளின்மீது படிய வைத்து, எங்கே இடைவெளி தெரிகிறது, எங்கே பட்டை தூக்குகிறது என்று பார்த்துப் பார்த்துத் தேய்க்க வேண்டும். பலர் ஒவ்வொரு குறுக்குப் பலகையையும் தனித்தனியாகத் தேய்க்கிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சரியாகவும் சேர்த்துப் பார்த்தால் எதுவும் சேராமலும் இருக்கும். எண்டெவரின் முகப்பில் முதல் இரண்டு குறுக்குப் பலகைகளுக்கு இடையே பட்டைக்கு ஆதாரமே இல்லாததால், அந்த இடத்தை பால்சா மரக்கட்டைகளால் நிரப்பி வடிவத்துக்குத் தேய்த்துக்கொள்வது நல்லது. கிட்டில் கட்டை தரப்படவில்லை என்பதற்காக இதைத் தவிர்க்கக் கூடாது.

பலகை ஒட்டுவதில் செய்யப்படும் தவறுகள் பலவற்றுக்கும் வேர் ஒன்றுதான்: எல்லாப் பட்டைகளும் முழு அகலத்தோடு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை செல்லும் என்ற எண்ணம். கப்பலின் நடுவில் தளவிளிம்பிலிருந்து ஏராவரை உள்ள தூரம் முகப்பில் உள்ள தூரத்தைவிடப் பெரியது. நடுவில் 110 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 5 மில்லிமீட்டர் பட்டைகள் 22 வேண்டும். முகப்பில் அதே தூரம் 66 மில்லிமீட்டராக இருந்தால், அந்த 22 பட்டைகளும் அங்கே 3 மில்லிமீட்டராகக் குறுக வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் ஒட்டுபவர், பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறத் தொடங்கும்போது திகைத்துப்போய் கடைசியில் ஊசிமுனை போன்ற துண்டுகளைச் செருகி இடைவெளியை அடைப்பார். ஒவ்வொரு குறுக்குப் பலகையின் ஓரத்தையும் தாள்பட்டையால் அளந்து, பட்டைகளின் எண்ணிக்கையால் வகுத்து, கிடைத்த அகலத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்ட பிறகே முதல் பட்டையைத் தொட வேண்டும். எந்தப் பட்டையும் தன் அகலத்தில் பாதிக்கும் கீழாகக் குறுகக் கூடாது. குறுகும் நிலை வந்தால் இரண்டு பட்டைகளை ஒரே அகலமான பட்டையாக முடிப்பதே கப்பல் தச்சர்கள் கையாண்ட முறை. பின்பகுதியில் நிலைமை தலைகீழ்: அங்கே தூரம் கூடுவதால் ஆப்பு வடிவத் துண்டுகளை இடையில் சேர்க்க வேண்டியிருக்கும்.

ஏராவை ஒட்டி வரும் முதல் பட்டையை முன்தண்டில் மேல்நோக்கி ஏறவிடுவது மற்றொன்று. பட்டை அப்படித்தான் போக விரும்பும். விட்டுவிட்டால் மேலே வரும் எல்லாப் பட்டைகளும் முகப்பில் நெருக்கப்படும். அதை முன்தண்டு வளையத் தொடங்கும் இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். பட்டையை அதன் தட்டைப் பக்கமாக வளைக்கலாம், சற்று முறுக்கலாம். ஆனால் ஓரப் பக்கமாக வலிந்து வளைத்தால் மறு ஓரம் தூக்கிக்கொள்ளும். வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, வளைத்து, கிளாம்ப் போட்டு, உலர்ந்த பின் ஒட்ட வேண்டும். ஈரமாக ஒட்டிய பட்டை உலரும்போது சுருங்கி, பட்டைகளுக்கிடையே மயிரிழை இடைவெளியை உண்டாக்கும். ஒரு பக்கத்தில் இரண்டு மூன்று பட்டைகளுக்கு மேல் தொடர்ந்து ஒட்டாமல், பக்கம் மாற்றி மாற்றி ஒட்ட வேண்டும். இல்லையேல் ஒருபக்க இழுவையால் உடல் வாழைப்பழமாக வளைந்துவிடும். அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை.

முதல் அடுக்கு பட்டி பார்த்துத் தேய்க்கக்கூடியது; மேலே மறைந்துவிடும் என்பதால் அங்கே அழகைப் பற்றிக் கவலைப்படுவது வீண் வேலை, வடிவத்தைப் பற்றிக் கவலைப்படாததே தவறு. இரண்டாம் அடுக்கோ அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய தடிப்புடையது. கீழே இருக்கும் மேடுபள்ளத்தை அது மறைக்காது, அப்படியே எடுத்துக்காட்டும். அதன் மேடுகளைத் தேய்க்கப் போனால் ஓட்டை விழும்.

பசையைப் பொறுத்தவரை, ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை மரத்துக்கும், ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசை உலோகத் துண்டுகளுக்கும் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. அவசரத்தில் பலகைக்கு உடனடிப் பசையைப் பயன்படுத்துவோர், அது மரத்துளைகளில் புகுந்து கறையாக நிற்பதையும், சாயம் அந்த இடத்தில் மட்டும் ஏறாமல் போவதையும் வார்னிஷ் அடித்த பிறகுதான் காண்கிறார்கள். வெள்ளைப் பசையும் வழிந்த இடத்தில் ஈரத்துணியால் உடனே துடைக்காவிட்டால் அதே கதைதான். ஆனால் அதில் ஒரு வசதி உண்டு: ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தடவிச் சற்றுப் பொறுத்தால் ஒட்டு இளகிவிடும், பிழையைப் பிரித்துத் திருத்தலாம்.

மேல்தளத்தில் பட்டைகளை முழு நீளத்துக்கு ஒட்டுவது தோற்றத்தைக் கெடுக்கும். உண்மையான தளப்பலகை ஏறத்தாழ 20 அடி என்று கொண்டால் 1:60இல் அது 10 சென்டிமீட்டர். அந்த அளவில் வெட்டி, இணைப்புகள் அருகருகே விழாதபடி மாற்றி ஒட்ட வேண்டும். பலகை இடுக்குகளில் நீர் புகாமல் அடைக்கும் கலப்பற்றைக் காட்ட ஓரங்களில் பென்சில் தீட்டினால் போதும். கறுப்பு மை பேனாவைப் பயன்படுத்தினால் வார்னிஷ் பட்டவுடன் மை மரத்துக்குள் பரவி, தளம் முழுவதும் அழுக்காகிவிடும்.

எண்டெவரின் அடிப்பாகத்துக்குச் செப்புத் தகடு ஒட்டுவோரையும் காணலாம். பிரிட்டிஷ் கடற்படை 1761இல் அலார்ம் என்ற கப்பலில் செப்புத் தகட்டைச் சோதித்திருந்தாலும், குக்கின் கப்பலுக்கு அது அடிக்கப்படவில்லை; மரப் புழுவிலிருந்து காக்கக் கூடுதலாக ஓர் அடுக்குப் பலகை மட்டுமே அடிக்கப்பட்டது. சந்தேகம் வரும்போது பலர் தேடிப்போவது, 1993இல் ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டிலில் நீரில் இறக்கப்பட்டு இப்போது சிட்னியில் உள்ள முழு அளவு மறுபடைப்பின் ஒளிப்படங்களை. அது அருமையான துணைதான். ஆனால் அது இன்றைய பாதுகாப்பு விதிகளின்படி கடலில் ஓடும் கப்பல், டீசல் எஞ்சினும் உண்டு. படத்தில் காணும் எல்லாவற்றையும் 18ஆம் நூற்றாண்டுக்கு உரியதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பாய்மரங்களை நிறுத்தும் முன்பே அவற்றிலும் பாய்களைத் தாங்கும் குறுக்குமரங்களான பருமல்களிலும் வரவேண்டிய கப்பிகள், வளையங்கள் அனைத்தையும் கட்டிவிட வேண்டும். மேசைமேல் கிடக்கும் பருமலில் ஐந்து நிமிடத்தில் கட்டும் கப்பியை, நிறுத்திய பின் கயிறுகளுக்கு நடுவே கட்ட அரை நாள் ஆகும். பசையில் பதித்த கண்வளையங்கள் கயிற்றின் இழுவையில் பிடுங்கிக்கொள்வதும் வழக்கம். தளத்துக்கு அடியில் கனமான மரத்துண்டை முன்கூட்டியே ஒட்டி வைத்திருந்தால் அது நிகழாது. இதுவும் தளத்தை மூடும் முன் நினைக்க வேண்டிய ஒன்று.

கயிறு கட்டும்போது எல்லாவற்றுக்கும் ஒரே தடிப்பில், ஒரே நிறத்தில் நூலைப் பயன்படுத்துவது மாதிரியைப் பொம்மையாக்கிவிடும். பாய்மரத்தைத் தாங்கி நிற்கும் கயிறுகள் தார் பூசப்பட்டவை என்பதால் கருமையாகவும், பாய்களை இயக்கும் கயிறுகள் வெளிர் பழுப்பாகவும் இருக்க வேண்டும். பாய்மரத்தை இரு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் பக்கக் கயிறுகளை ஒரு பக்கம் முழுவதும் கட்டிவிட்டு மறுபக்கம் போனால் பாய்மரம் கட்டிய பக்கமாகச் சாயும். வலப்பக்கம் ஒரு சோடி, இடப்பக்கம் ஒரு சோடி என்று முன்னிருந்து பின்னாக மாற்றி மாற்றிக் கட்டுவதே உண்மையான கப்பல்களின் முறையும் ஆகும்.

பக்கக் கயிறுகளுக்குக் குறுக்கே வரும் படிக்கயிறுகளைக் கட்டும்போது இரண்டு பிழைகள் நிகழ்கின்றன. ஒவ்வொரு முடிச்சையும் இறுக்கி இழுப்பதால் பக்கக் கயிறுகள் நடுவில் ஒன்றையொன்று நெருங்கி இடுங்கிப்போகும். பின்னால் ஒரு கோடிட்ட அட்டையைச் செருகி, இடைவெளி மாறாமல் பார்த்துக்கொண்டே கட்டினால் இது வராது. மற்றது இடைவெளியின் அளவு. படிகள் சுமார் 13 அங்குல இடைவெளியில் இருந்தன என்று கொண்டால் 1:60இல் அது ஐந்தரை மில்லிமீட்டர். சோம்பலால் ஒரு சென்டிமீட்டர் விட்டால், அந்தக் கப்பலின் மாலுமி ஒவ்வொரு படிக்கும் இரண்டு அடி உயரம் காலைத் தூக்க வேண்டியிருக்கும்.

கடற்கரை ஊர்களில் இருப்போர் பருத்தி நூலைத் தவிர்ப்பது நல்லது. ஈரக்காற்றில் அது இறுகுவதும் தளர்வதுமாக இருக்கும். பாலியெஸ்டர் நூல் அவ்வளவு மாறாது, பஞ்சும் கிளம்பாது. முடிச்சில் உடனடிப் பசையைத் தாராளமாக விட்டால் நூல் கம்பியாக விறைத்து, சில நேரம் அந்த இடத்திலேயே ஒடிந்துவிடும். நீர்த்த வெள்ளைப் பசையில் ஒரு துளி போதும்.

தாங்கு நிலையைக் கடைசிக்கு விட்டுவைப்பவர்கள், முடித்த கப்பலைத் தலைகீழாகப் பிடித்து ஏராவில் துளையிட முயன்று கயிறுகளை அறுக்கிறார்கள். திருகாணிக்கான துளைகளைப் பலகை ஒட்டும் முன்பே இட்டுவிடலாம். முன்னே நீளும் சாய்மரத்தையும் சேர்த்து 1:60 எண்டெவர் முக்கால் மீட்டரை நெருங்கும், உயரமும் அரை மீட்டரைத் தாண்டும். தூசி படிந்த கயிறுகளைத் துடைக்க வழியில்லாததால் கண்ணாடிப் பெட்டி கட்டாயம் தேவை. அந்தப் பெட்டி வீட்டில் எந்த அலமாரியில், நேரடி வெயில் படாமல், எங்கே நிற்கும் என்பதை கிட் வாங்கும் முன்பே அளந்துகொள்ள வேண்டும்.