கூத்து வீடியோவில் சத்தம் விலகினால்

தருமபுரி பக்கத்துத் தெருக்கூத்து. போனில் படம், தனி ரெக்கார்டரில் ஒலி. தொடக்கத்தில் பொருந்தியது, போகப்போக கால் தரையில் பட்டபிறகே மிருதங்க அடி கேட்டது.

விலகல் ஒரே அளவாக இருந்தால் ஆடியோவை நகர்த்தினால் போதும். கூடிக்கொண்டே போனால் முதலில் போனின் ஃபிரேம் ரேட்டைப் பாருங்கள், அதாவது நொடிக்கு எத்தனை படம் என்பதை. வெளிச்சம் குறைந்தால் சில போன்களில் 30 ஃபிரேம் 24 வரைகூட இறங்கும். வீடியோ கோப்பின் விவரம் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் 'வேரியபிள்' (மாறும் ரேட்) என்று காட்டும்.

வெட்டத் தொடங்கும் முன்பே ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் மாற்றிவிட்டேன்: 30, கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட் (மாறாத ரேட்), ஆர்எஃப் (படத் தர அளவு) 18, ஆடியோ 48 கிலோஹெர்ட்ஸ். அதில் முன்பே அமைத்துத் தரும் பல பிரீசெட்டில் 'பீக்' (உச்ச வரம்புக்குள் ரேட் மாறலாம்) தேர்வாகியிருக்கும். அதை விட்டால் பழைய கோளாறு அப்படியே தங்கும்.

பிறகும் மிச்சமிருந்த சின்ன விலகல் இரு கருவிகளின் கடிகார வித்தியாசம். பாட்டுக்கும் வசனத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளிகளில் ஆடியோவை வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தனியாகப் பொருத்தினேன்.