ஆர்க் மோடில் தேதி மாற்றும்போது செய்யக்கூடாதவை

போன வாரம் ஈமேக்ஸ் என்ற உரைத் திருத்திக்குப் புதிதாக வந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, குறிப்புகளுக்கும் வேலைத் திட்டத்துக்கும் அதில் இருக்கும் ஆர்க் மோடின் கோப்பில் தேதிகளை மாற்றிக்கொண்டிருந்தார். நான் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடத்துக்குள், நான் ஒரு காலத்தில் செய்த தவறுகளில் நான்கை வரிசையாகச் செய்துவிட்டார். நான்காவதைப் பார்த்தபோது வாய் திறக்காமல் இருக்க முடியவில்லை.

கன்ட்ரோல்-சி அடித்துப் புள்ளி வைத்தால் தேதி வரும் என்பதை மறந்து எல்லாவற்றையும் கையால் தட்டுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதெல்லாம் இரண்டு நாளில் தானாகச் சரியாகிவிடும்.

அடைப்புக்குறி மேல் கர்சரை வைத்துக்கொண்டு ஷிஃப்ட்-மேல், ஷிஃப்ட்-கீழ் அழுத்துவது

இன்னும் எனக்கு எரிச்சல் தீராத தவறு இதுதான்.

ஆர்க் மோடில் தேதி இரண்டு விதம். <2025-03-14 வெள்ளி> என்று கூர்முனைக் குறிக்குள் இருந்தால் அது உயிருள்ள தேதி, அஜெண்டாவில், அதாவது நாள்வாரியாக வேலைகளைக் காட்டும் பட்டியலில், வரும். [2025-03-14 வெள்ளி] என்று சதுரக் குறிக்குள் இருந்தால் அது வெறும் குறிப்பு. கோப்பில் இருக்கும், அஜெண்டாவில் வராது. ஷிஃப்ட்-மேல், ஷிஃப்ட்-கீழ் இரண்டும் கர்சர் எதன் மேல் நிற்கிறதோ அதை மாற்றும். ஆண்டின் மேல் நின்றால் ஆண்டு மாறும், மாதத்தின் மேல் நின்றால் மாதம், நாளின் மேல் நின்றால் நாள். அடைப்புக்குறியின் மேல் நின்றால்? அடைப்புக்குறியே மாறும்! கூர்முனை சதுரமாகும், இன்னொரு முறை அழுத்தினால் திரும்பக் கூர்முனையாகும்.

இது பிழை இல்லை. கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. நான்தான் படிக்கவில்லை.

ஒரு டொமைனைப் புதுப்பிக்க வேண்டிய தேதியைத் தனி வரியில் எழுதி வைத்திருந்தேன். கடைசி நாள் வரை போக வேண்டாம், மூன்று நாள் முன்னதாகவே நினைவூட்டட்டும் என்று தோன்றியது. வரியின் தொடக்கத்துக்குப் போனேன், ஷிஃப்டைப் பிடித்தபடி கீழ் அம்பை மூன்று முறை தட்டினேன், சேமித்தேன், அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். கர்சர் நின்றது முதல் எழுத்தில், அதாவது கூர்முனைக் குறியின் மேல். மூன்று என்பது ஒற்றைப்படை. தேதி ஒரு நாள்கூட நகரவில்லை, குறி மட்டும் சதுரமாகிவிட்டது. நான்கு நாள் முன்னே கொண்டுவர நினைத்திருந்தால் தப்பித்திருப்பேன். குறி பழையபடி கூர்முனைக்கே வந்திருக்கும்.

இரண்டு வகைத் தேதிகளுக்கும் ஆர்க் ஒரே வண்ணம்தான் கொடுக்கிறது. அதனால் திரையைப் பார்த்தும் பிடிபடவில்லை. அஜெண்டா அந்த வாரம் காலியாக இருந்தது. காலியான அஜெண்டாவை யார் சந்தேகப்படுவார்கள்? சந்தோஷம்தான் பட்டேன். தளம் திறக்கவில்லை என்று நண்பர் ஒருவர் கேட்டபோதுதான் கோப்பைத் திறந்து பார்த்தேன். தேதி அங்கேயே இருந்தது, சதுரக் குறிக்குள், அமைதியாக.

அப்புறம் நான் வைத்துக்கொண்ட வழக்கம் இது: நாளை நகர்த்த மேலும் கீழும் தொடுவதே இல்லை. ஷிஃப்ட்-வலது அடுத்த நாளுக்குத் தள்ளும், ஷிஃப்ட்-இடது முந்தைய நாளுக்கு இழுக்கும். கர்சர் தேதிக்குள் எங்கே இருந்தாலும், அடைப்புக்குறி மேலேயே இருந்தாலும், நாள்தான் நகரும், குறி மாறாது. மேல்-கீழ் விசைகள் மாதத்துக்கும் மணிக்கும் மட்டும். அதுவும் கர்சர் இருக்கும் இடத்தைக் கண்ணால் பார்த்த பிறகு.

ஏற்கெனவே எங்காவது இப்படி ஆகியிருக்குமோ என்று சந்தேகம் வந்தால், அஜெண்டாவில் இடது சதுரக் குறியை ஒரு முறை அழுத்திப் பாருங்கள். சதுரக் குறிக்குள் இருக்கும் தேதிகளும் பட்டியலில் சேர்ந்து வரும். எனக்கு அன்றைக்கு இன்னும் இரண்டு கிடைத்தன.

மாதத்தை ஏற்றிவிட்டு, இறக்கினால் பழைய இடத்துக்கே வரும் என்று நம்புவது

மாதக் கடைசியில் வராது. 2025 ஜனவரி 31-இல் மாதத்தின் மேல் கர்சரை வைத்து ஒரு முறை ஷிஃப்ட்-மேல் அழுத்துங்கள். பிப்ரவரி 31 என்று ஒரு நாள் கிடையாது, எனவே மிச்சம் வழிந்து மார்ச் 3 ஆகிவிடும். சரி, தவறாகிவிட்டது என்று ஷிஃப்ட்-கீழ் அழுத்தினால் பிப்ரவரி 3. மேலே ஒன்று, கீழே ஒன்று, ஜனவரி 31 எங்கோ போய்விட்டது. மாதக் கடைசித் தேதிகளில் தவறிவிட்டால் எதிர் விசையைத் தேடாமல் அன்டூ செய்யுங்கள்.

தேதி கேட்கும் இடத்தில் ஒரு கூட்டல், இரண்டு கூட்டல் வித்தியாசம் தெரியாமல் இருப்பது

ஏற்கெனவே உள்ள தேதியின் மேல் நின்று, கன்ட்ரோல்-சி, புள்ளி அடித்து மாற்றப் போகிறீர்கள். +3 என்றால் இன்றிலிருந்து மூன்று நாள். ++3 என்றால் அந்தத் தேதியிலிருந்து மூன்று நாள். அடுத்த மாதத்துக் கூட்டத்தை மூன்று நாள் தள்ள நினைத்து ஒற்றைக் கூட்டல் போட்டால், கூட்டம் இந்த வாரத்துக்கே ஓடி வந்துவிடும். என்டர் தட்டும் முன் அது காட்டும் தேதியை ஒரு கணம் படியுங்கள், போதும்.

எண்ணைக் கையால் திருத்திக் கிழமையை அப்படியே விட்டுவிடுவது

கன்ட்ரோல்-சி, கன்ட்ரோல்-சி. கிழமை சரியாகிவிடும்.

அஜெண்டாவில் மாற்றிவிட்டு, மாறவில்லை என்று திரும்பத் திரும்ப அழுத்துவது

அஜெண்டாவிலும் ஷிஃப்ட்-வலது வேலை செய்யும். அடைப்புக்குறித் தொல்லை இல்லாததால் நான் பெரும்பாலும் அங்கிருந்தே மாற்றுகிறேன். ஆனால் மாற்றியவுடன் அந்த வரி புது நாளுக்குத் தாவாது. புதிய தேதி வரியின் ஓரத்தில் தெரியும், அவ்வளவுதான். பட்டியலைப் புதுப்பித்த பிறகுதான் இடம் மாறும். புதியவர் அதைக் கவனிக்காமல் ஐந்து முறை அழுத்தினார். ஐந்து நாள் தள்ளிப்போய்விட்டது.

மணியை நிமிடம் நிமிடமாக நகர்த்தப் பார்ப்பது

அது ஐந்து ஐந்தாகத்தான் நகரும். இயல்பே அப்படி.

தலைப்பு வரியில் நின்று அழுத்துவது

தேதிக்குப் பதில் முன்னுரிமையும் வேலையின் நிலையும் மாறும். வலது-இடது விசைகளும் இங்கே காப்பாற்றாது.

விம்மிலும் இதே பழக்கத்தோடு கன்ட்ரோல்-ஏ அழுத்துவது

விம் இன்னொரு உரைத் திருத்தி. அதில் கன்ட்ரோல்-ஏ கர்சர் நிற்கும் எண்ணோடு ஒன்றைக் கூட்டும். ஆனால் 2025-03-14 இல் 14 மேல் நின்று அழுத்தினால் 13 ஆகும். நடுவில் இருக்கும் கோட்டை விம் கழித்தல் குறி என்று எடுத்துக்கொள்கிறது: கழித்தல் 14 கூட்டல் 1, கழித்தல் 13. கணக்கு சரிதான். எண்களைக் குறியில்லாதவையாகப் பார்க்கச் சொல்லும் அமைப்பு இருக்கிறது, ஆனால் அதை வைத்தாலும் 31 அடுத்து 32 ஆகும். தேதியைத் தேதியாகப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் டிம் போப் எழுதிய ஸ்பீட்டேட்டிங் நீட்சியைப் போட்டுக்கொள்ளுங்கள்.